வாயில்லாத உயிர் எதைத் தின்னும்?

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்தார், அவரைக் காப்பாற்றப் போனவரும் இறந்தார் என்ற செய்தியைப் படிக்காதவர் தமிழ்நாட்டில் யாரும் இருக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு அந்த வாயுவின் வாடையும் பழக்கம்தான். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் தங்கும் விடுதிகளும் வாடகை வீடுகளும் நெருக்கமாக எழும்பிய ஊர்களில், செப்டிக் டேங்க் லாரி வந்து மூடியைத் திறந்தால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அழுகிய முட்டையின் நாற்றம் அது. அதைக் கிளப்பும் வாயுவின் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு.

சில மூச்சில் ஓர் ஆளைச் சாய்த்துவிடும் இந்த வாயுவில் அப்படி என்னதான் இருக்கிறது? இதைத் தேடிப்போய் உட்கொண்டு வாழும் விலங்கு ஏதாவது உண்டா?

உண்டு. ஆழ்கடலின் அடியில், சூரிய ஒளி ஒரு பொட்டுகூட எட்டாத இடத்தில், ஆள் உயரத்துக்கும் மேலாக வளரும் புழு ஒன்று இருக்கிறது. அதற்கு வாய் கிடையாது, வயிறும் குடலும் கிடையாது. நம்மைக் கொல்லும் வாயு இல்லாவிட்டால் அது பட்டினியால் செத்துப்போகும். இந்த அத்தியாயம் அந்தப் புழுவையும், அதன் உடலுக்குள் இருந்துகொண்டு அதற்குச் சோறு போடும் பாக்டீரியாக்களையும் பற்றியது.

நாற்றம் பிறக்கும் இடம்

மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாமல் வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள் அப்போது பெருகுகின்றன. அவற்றில் ஒரு வகை, தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட் உப்பைக் கொண்டே மூச்சு விடுகிறது. அந்த மூச்சின் கழிவாக வெளிவருவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு.

நம் செல்கள் ஒவ்வொன்றிலும் உணவிலிருந்து ஆற்றலை எடுக்கும் வேலை படிப்படியாக நடக்கிறது. கடைசிப் படியில் ஆக்சிஜனைக் கையாளும் நொதி ஒன்று உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. நுரையீரலில் காற்று இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. இதைவிடக் கொடியது ஒன்று: காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு என்ற அளவை இந்த வாயு எட்டினாலே மோப்பம் மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்துக் குனிகிறவர் அப்போதுதான் பெரிய ஆபத்துக்குள் போகிறார். பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்திருக்கிறது. அறிவியலும் அதையேதான் சொல்கிறது.

புழுவின் செல்களிலும் இதே நொதிதான் இருக்கிறது. அப்படியென்றால் இந்த வாயு அதையும் கொல்ல வேண்டும். ஏன் கொல்லவில்லை என்பதற்கு விடை தேட, முதலில் நம் காலடியிலேயே நடக்கும் ஒரு வேலையைப் பார்த்துவிடுவோம்.

சாக்கடைக் குழாயின் கூரையில்

கான்கிரீட்டால் செய்த கழிவுநீர்க் குழாய்கள் தண்ணீர் ஓடும் அடிப்பக்கத்தைவிட, தண்ணீர் தொடாத மேற்பக்கத்தில்தான் அதிகம் அரிக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் இதை ஆராய்ந்த பார்க்கர் என்பவர், இது பாக்டீரியாக்களின் வேலை என்று 1945-இல் காட்டினார். சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு குழாயின் ஈரமான கூரையில் படிகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் கான்கிரீட்டைத் தின்கிறது.

அந்தப் பாக்டீரியாக்களுக்கு இதனால் என்ன லாபம்? ஹைட்ரஜன் சல்பைடு ஆக்சிஜனோடு சேரும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு அவை கரியமில வாயுவிலிருந்து சர்க்கரையைக் கட்டிக்கொள்கின்றன. செடியின் இலையும் கரியமில வாயுவிலிருந்துதான் சர்க்கரை செய்கிறது. இலைக்கு ஆற்றல் சூரிய ஒளியிலிருந்து வருகிறது, அதை ஒளிச்சேர்க்கை என்கிறோம். இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆற்றல் வேதிப்பொருளிலிருந்து வருகிறது. எனவே இது வேதிச்சேர்க்கை.

ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1880களிலேயே கந்தக நீரில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்து இந்த வழியைக் கண்டறிந்தார். ஆனால் இது நுண்ணுயிர்களோடு முடிந்துபோகும் சங்கதி என்றே அதன்பின் தொண்ணூறு ஆண்டுகள் எல்லோரும் நினைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் விலங்குகளின் கூட்டமே இப்படிப் பிழைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

1977, பிப்ரவரி

தென்னமெரிக்காவுக்கு மேற்கே, கலாபகஸ் தீவுகளுக்கு அருகில், கடற்தரை பிளந்து விலகும் ஓர் இடம் உண்டு. அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருக்க வேண்டும் என்று கணித்த புவியியலாளர்கள், 1977 பிப்ரவரியில் ‘ஆல்வின்’ என்ற நீர்மூழ்கியில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார்கள். பாறையையும் நீரின் சூட்டையும் ஆராயத்தான் போனார்கள். குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை.

விளக்கொளியில் அவர்கள் கண்டது, ஊற்றுவாயைச் சுற்றி மண்டிக்கிடந்த உயிர்களை. பெரிய சிப்பிகள், நண்டுகள், வெள்ளைக் குழாய்களுக்குள்ளிருந்து சிவந்த கொண்டையை நீட்டிக்கொண்டிருந்த புழுக்கள். மேலே கொண்டுவந்த நீர்க் குப்பிகளைத் திறந்தபோது கப்பலில் பரவியது அழுகிய முட்டையின் நாற்றம்.

ஊற்றின் வேதியியல் எளிது. கடற்தரையின் வெடிப்புகளில் இறங்கும் நீர், கீழேயுள்ள சூடான பாறையைத் தொடும்போது அதிலிருந்து கந்தகத்தையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அந்த நீரில் ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்திருக்கும், ஆக்சிஜன் இருக்காது. சில ஊற்றுகளில் வெப்பம் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருந்து அழுத்தும் கடலின் பாரத்தால் அந்தச் சூட்டிலும் நீர் கொதிப்பதில்லை. புழுக்கள் அந்தச் சூட்டில் வாழ்வதில்லை. ஊற்றுநீர் குளிர்ந்த கடல்நீரோடு கலந்து வெதுவெதுப்பாகும் விளிம்பில்தான் அவை கூட்டமாக நிற்கின்றன.

வாயைத் தேடியவர்கள்

புழுவுக்கு ரிஃப்டியா பேகிப்டிலா என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மெரிடித் ஜோன்ஸ். அறுத்துப் பார்த்தவருக்கு வாயும் அகப்படவில்லை, குடலும் அகப்படவில்லை. உடலின் பெரும்பகுதியை நிறைத்திருந்தது பழுப்பும் பச்சையும் கலந்த பஞ்சுபோன்ற ஒரு திசு. அதை ஊட்டத்திசு என்று அழைப்போம். அதற்குள் கந்தகப் படிகங்கள் கிடந்தன.

1980-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வகுப்பு ஒன்றில் ஜோன்ஸ் இதை விவரித்துக்கொண்டிருந்தார். கந்தகப் படிகங்கள் என்ற சொல் காதில் விழுந்ததும் கொலீன் கேவனா என்ற மாணவி எழுந்து, அந்தத் திசுவுக்குள் கந்தகத்தை எரித்து உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்றார். ஜோன்ஸ் அவருக்குத் திசுவின் துண்டு ஒன்றைக் கொடுத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாக்கள் அடைந்து கிடந்தன. அந்தத் திசுவின் ஒரு கிராமில் நூறு கோடிக்கும் மேல் இருக்கும்.

இந்த முடிவு 1981-இல் வெளியானது. அதே ஆண்டில் ஹார்ஸ்ட் ஃபெல்பெக், கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் நொதியை அந்தத் திசுவில் கண்டார். நெல்லின் இலையில் வேலை செய்யும் அதே வகை நொதி, இலையே இல்லாத இருட்டில், ஒரு புழுவின் உடலுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு உயிர்கள் சேர்ந்து ஒன்றையொன்று காப்பாற்றும் இந்த ஏற்பாட்டைக் கூட்டுயிர் வாழ்க்கை என்கிறோம்.

விஷம் உணவாகும் வழி

இனி, ஊற்றிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடைப் பின்தொடர்ந்து போவோம். புழு உயிர்பிழைக்கும் ரகசியம் முழுவதும் இந்தப் பயணத்தில் இருக்கிறது.

சல்பைடு ஊற்றுநீரில் இருக்கிறது, ஆக்சிஜன் கடல்நீரில் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு இரண்டும் வேண்டும். வெளியே இரண்டும் கலந்தால் தாமாகவே வினைபுரிந்து வீணாகிவிடும். உணவு செய்ய ஒன்றும் மிஞ்சாது. எனவே இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து, சந்திக்கவிடாமல் கொண்டுபோய், பாக்டீரியாவின் வாசலில் மட்டும் இறக்க வேண்டும்.

முதல் வேலை கொண்டையுடையது. ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் கொண்ட அந்தக் கொண்டை, இரண்டு நீரும் கலக்கும் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கிறது. நீரோட்டம் நொடிக்கு நொடி மாறுவதால் ஒரு கணம் சல்பைடு நிறைந்த நீரும் மறுகணம் ஆக்சிஜன் நிறைந்த நீரும் அதன்மேல் படுகின்றன. கரியமில வாயுவும் அதே வழியாக உள்ளே வருகிறது.

இரண்டாவது வேலை ரத்தத்துடையது. கொண்டைக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் அதே குடும்பத்துப் புரதம். ஆனால் புழுவினுடையது நம்முடையதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் பெரியது. அதில் இரும்பு இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் உட்காருகிறது, வேறொரு இடத்தில் சல்பைடு உட்காருகிறது. ஒரே மூலக்கூறு இரண்டையும் சுமந்தாலும் ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. சல்பைடு இறுகப் பிடிபட்டிருப்பதால், ரத்தத்தில் தளையின்றித் திரிந்து புழுவின் சொந்தச் செல்களுக்குள் புகுந்து நொதியை முடக்க அதற்கு வழியில்லை. செப்டிக் டேங்கில் மனிதனுக்கு நேர்வது புழுவுக்கு நேராமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒரகடத்துக் கார் ஆலை ஒன்றில் வேலை செய்பவருக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரியும். எஞ்சின் ஒரு திசையிலிருந்தும் டயர் ஒரு திசையிலிருந்தும் குறித்த நேரத்துக்கு வந்துசேர வேண்டும். ஒன்று தாமதித்தாலும் லைன் நின்றுவிடும். லைனுக்கு வெளியே சேர்த்தால் கார் ஆகாது. புழுவின் உடல் சரக்கைத் திரட்டிக் கொண்டுவந்து சேர்க்கிறது, லைனில் நின்று வேலை செய்வது பாக்டீரியா.

மூன்றாவது வேலை ஊட்டத்திசுவில் நடக்கிறது. ரத்தம் அங்கே சரக்கை இறக்குகிறது. பாக்டீரியாக்கள் சல்பைடை ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றலை எடுத்து, கரியமில வாயுவை உணவாக்குகின்றன. அந்த உணவில் ஒரு பங்கு கசிந்து புழுவுக்குப் போகிறது. திசுவின் நடுப்பகுதியில் பாக்டீரியாக்கள் பெருகப் பெருக, ஓரத்துக்கு வந்துசேரும் மூத்தவற்றைப் புழு செரித்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு வலுவானது என்பதைப் பசிபிக் கடற்தரையில் 1991-இல் நடந்த எரிமலை வெடிப்பு காட்டியது. உயிர்கள் அழிந்துபோன இடத்தில் ரிஃப்டியா மீண்டும் குடியேறியது. ஆண்டுக்கு 85 செ.மீ.க்கும் மேலான வேகத்தில் குழாய்கள் நீண்டதை ஆய்வாளர்கள் அளந்தார்கள். குடல் இல்லாத அந்த விலங்கு, கடலில் முதுகெலும்பில்லாத உயிர்களில் மிக வேகமாக வளர்வனவற்றில் ஒன்று.

ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தொடங்குகிறது

தாய்ப்புழு தன் பாக்டீரியாக்களைப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதில்லை. முட்டையிலிருந்து வரும் இளம்புழு பாக்டீரியா இல்லாமல்தான் நீரில் மிதந்து கிளம்புகிறது. முட்டையில் சேமித்த கொழுப்பை வைத்துச் சராசரியாக 38 நாள் அது தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வகத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குள் ஓர் ஊற்று கிடைத்தாக வேண்டும்.

ஊற்றருகே தரையில் ஒட்டிக்கொண்ட பிறகு, சுற்றியுள்ள நீரில் திரியும் பாக்டீரியாக்கள் அதற்குள் நுழைகின்றன. இளம் வயதில் மட்டும் புழுவுக்கு இருக்கும் வாய் வழியாக நுழைகின்றன என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தார்கள். வியன்னாப் பல்கலைக்கழகத்தின் மோனிகா பிரைட் குழுவினர் 2006-இல், அவை தோல் வழியாகத் துளைத்துக்கொண்டு புகுவதைக் காட்டினார்கள். நோய்க்கிருமி தொற்றுவதுபோலவே இது தொடங்குகிறது. ஆனால் முடிவு வேறு: உள்ளே போனவை நிலைத்ததும் ஊட்டத்திசு உருவாகிறது, இளம்புழுவின் குடல் மறைகிறது. புழு இறக்கும்போது பாக்டீரியாக்கள் வெளியேறிக் கடலுக்குத் திரும்புகின்றன என்பதும் 2015-இல் உறுதியானது. அடுத்த தலைமுறைப் புழுக்களுக்கான பாக்டீரியா இருப்பு அப்படித்தான் நிரம்புகிறது.

நம் வங்கக்கடலிலும்

ரிஃப்டியா கிழக்குப் பசிபிக்கில் மட்டும் வாழ்வது. ஆனால் அதன் குடும்பத்தைச் சேர்ந்த புழுக்கள் வங்கக்கடலில் இருக்கின்றன. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘சிந்து சாதனா’ கப்பலில் சென்று, கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 900 முதல் 1,800 மீட்டர் ஆழத்தில், கடற்தரையிலிருந்து மீத்தேன் கசியும் இடங்களைக் கண்டார்கள். 2019-இல் வெளியான அவர்களுடைய அறிக்கையில், பாக்டீரியாவைத் துணைகொண்டு வாழும் சிப்பிகள், நத்தைகளோடு இந்தப் புழுக் குடும்பமும் இடம்பெற்றது. இந்தியாவின் பொருளாதார எல்லைக்குட்பட்ட கடலில் இப்படியொரு வாழிடம் பதிவானது அதுவே முதல்முறை.

இங்கே வெந்நீர் கிடையாது. இதைக் குளிர்கசிவு என்கிறார்கள். இங்கே சல்பைடு பிறக்கும் கதை நிலத்தின் இலையிலிருந்து தொடங்குகிறது. நிலத்தில் முளைத்த இலை கடலடிச் சேற்றில் புதைவது புதிய சங்கதி அல்ல. பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்ரீபெரும்புதூர்ப் பாறை அடுக்குகளில் இலைத் தடங்களும் கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. அந்தக் காலத்தில் கடல் அங்கே வரை வந்திருக்கிறது. கிருஷ்ணாவும் கோதாவரியும் இழுத்துவரும் தாவரக் கழிவும் அப்படித்தான் வண்டலோடு புதைகிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. மேலே கசியும் மீத்தேனைச் சேற்றிலுள்ள வேறு நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு எரிக்கின்றன. அப்போது பிறப்பது நம் பழைய ஹைட்ரஜன் சல்பைடு.

குளிர்கசிவில் சல்பைடு மெதுவாகவும் நெடுங்காலமும் கிடைக்கிறது. அதற்கேற்ப வாழ்வின் வேகமும் குறைகிறது. மெக்சிகோ வளைகுடாவின் கசிவுகளில் வாழும் லேமெல்லிபிரேக்கியா என்ற குழாய்ப்புழு, வேர்போன்ற வால்பகுதியைச் சேற்றுக்குள் இறக்கிச் சல்பைடை உறிஞ்சுகிறது. இரண்டு மீட்டர் நீளத்தை எட்ட அதற்கு 170 முதல் 250 ஆண்டுகள் ஆகும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

சூரியனே வேண்டாமா?

இந்த உயிர்கள் சூரியனைச் சாராதவை என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது பாதி உண்மை. ஆற்றல் தரும் சல்பைடு பூமிக்குள்ளிருந்து வருகிறது. ஆனால் அதை எரிக்க வேண்டிய ஆக்சிஜன், கடல்மேற்பரப்பின் நுண்பாசிகளும் நிலத்தின் செடிகளும் சூரிய ஒளியில் உண்டாக்கியது. குளிர் மிகுந்த துருவக் கடல்களில் கீழிறங்கும் நீர்தான் அந்த ஆக்சிஜனை ஆழத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. குளிர்கசிவில் மீத்தேனும்கூடப் பழைய சூரிய ஒளியின் மிச்சம். ஆழ்கடல் தனி உலகம் அல்ல. மேலே நாம் செய்வது காலம் தாழ்த்தியாவது அதன் அடியைத் தொடும்.

பள்ளிக்கரணையும் ஒரகடமும்

ஒரகடத்திலிருந்து வண்டலூர், தாம்பரம் வழியாகப் போனால் பள்ளிக்கரணை. அங்கிருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோகும் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கியை உருவாக்கிவருகிறது. அவர்கள் அமரும் கோளம் 2.1 மீட்டர் விட்டமுள்ளது, 80 மி.மீ. தடிமனுள்ள டைட்டானியத்தால் ஆனது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 600 கிலோ எடை அழுத்தும். இதே நிறுவனமும் கோவாவின் தேசியத் துருவ, கடல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் உயிர்ப்போடு இருக்கும் வெந்நீர் ஊற்றைப் படமெடுத்த செய்தி 2024 டிசம்பரில் வெளியானது. ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படம் அது.

இந்தத் தேடலுக்கு அறிவு ஒரு காரணம், உலோகம் இன்னொரு காரணம். ஊற்றுநீர் குளிரும்போது அதிலுள்ள தாமிரமும் துத்தநாகமும் சல்பைடோடு சேர்ந்து தாதுவாகப் படிந்து புகைபோக்கிபோல் எழும்புகின்றன. இந்தியப் பெருங்கடலில் 10,000 சதுர கி.மீ. பரப்பில் இந்தத் தாதுக்களை ஆராயச் சர்வதேசக் கடற்தரை ஆணையத்தோடு இந்தியா 2016-இல் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் செய்யும் கைபேசிக்கும் ஒரகடத்தில் செய்யும் காருக்கும் தாமிரம் வேண்டும். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் உலோகத்தைப் படியவைத்த அதே சல்பைடுதான் அங்குள்ள உயிர்களுக்கு உணவு. உயிர்ப்போடு இருக்கும் ஊற்றின் தாதுவை வெட்டியெடுத்தால், அதைச் சுற்றி வாழும் உயிர்களின் வீட்டையும் சேர்த்தே எடுக்கிறோம். இந்தியப் பெருங்கடலின் சில ஊற்றுகளில் மட்டும் வாழும் நத்தை ஒன்று, தன் காலில் இரும்புச் சல்பைடு பூசிய செதில்களைச் சுமக்கிறது. அதுவும் உடலுக்குள் இருக்கும் பாக்டீரியாவால்தான் வாழ்கிறது. ஆழ்கடல் சுரங்க ஆபத்தைக் காரணம் காட்டி, அழியும் நிலையிலுள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட உயிர் அதுதான். ஆண்டு 2019.

எனவே நம் அறிவியலாளர்களிடமும் அரசிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. மத்ஸ்யா இறங்கும்போது தாதுவின் எடையை அளப்பதற்கு முன்பு, அங்கே என்னென்ன வாழ்கின்றன, எவ்வளவு வேகமாக வளர்கின்றன, அடுத்த ஊற்று எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பதிவு செய்யுங்கள். உயிர்ப்போடு இருக்கும் ஊற்றுகளைத் தொடாதீர்கள். அணைந்துபோன ஊற்றுகளின் தாதுவைப் பற்றி வேண்டுமானால், போதிய ஆய்வுக்குப் பிறகு பேசலாம்.